பின்சில்லு இரைந்தால் பாடாதே என்று எண்ணாதீர்கள்: பெரிய ஜீப்புகளின் அக்சில் பேரிங்கும் ஓயில் சீலும்

கடந்த வைகாசி 18 அன்று காலை கரவெட்டியிலிருந்து முள்ளிவாய்க்காலுக்குப் புறப்பட்டோம். மாமாவின் பழைய பிராடோ ஜீப்பில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் அறுபது வயதைத் தாண்டிய அம்மாக்கள். நெல்லியடியில் ஏறி, கொடிகாமம் வந்து, ஏ9 வீதியைப் பிடித்து, பரந்தனில் திரும்பினோம். தருமபுரம் தாண்டும்போது கடைசி இருக்கையில் இருந்த அயலவர் அம்மா எனது தோளைத் தட்டினார்.

"பிள்ளை, உந்தப் பின்சில்லு இரையுது. மாமாவை மெள்ளப் போகச் சொல்லு."

அவருடைய கணவர் ஒரு காலத்தில் ஏ40 கார் வைத்து ஹயர் ஓடியவர். மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஒருவர். அந்த மகனுக்காக அவர் மாதத்தில் ஒரு தடவையாவது எங்கள் ஜீப்பில்தான் கிளிநொச்சிக்குப் போய் வருகிறார். வாகனத்தின் சத்தம் அவருக்கு மனப்பாடம்.

மாமா சிரித்துவிட்டு, "அது ரயர் சத்தம் அக்கா" என்றார். நானும் நம்பினேன். நான் ஊடகக் கற்கை படித்தவள். அன்றுவரை ஸ்பனர் பிடித்தது கிடையாது.

மூன்று கிழமை கழித்து ஓர் இரவு, பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சுநோ. அவரை ஏற்றிக்கொண்டு மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு ஓடினோம். வாசலில் பிறேக் பிடித்தபோது ஜீப் வழமையான இடத்தில் நிற்கவில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், மதிலுக்கு ஒரு முழம் முன்னால் கோணலாக நின்றது. ஐயா பிழைத்துவிட்டார். விடிந்ததும் பார்த்தோம். இடது பின்சில்லின் உட்பக்கம் முழுவதும் கறுத்த ஓயில் வழிந்து மண்ணோடு அப்பிக் கிடந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னர் இதே சில்லில் ஓயில் கசிகிறது என்று ஒரு கராஜில் சீல் மாற்றியிருந்தோம். சீலை மட்டும் மாற்றினார்கள். பேரிங்கை எவரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இம்முறை கரவெட்டியிலேயே நீண்டகாலமாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனோம். இரண்டு நாள் அவருக்குப் பக்கத்தில் நின்று கேட்டதையும் பார்த்ததையும், பின்னர் வாசித்து உறுதி செய்ததையும் இங்கே தருகிறேன். எமது ஊர்களில் பெரிய ஜீப் என்பது ஆடம்பரம் மட்டும் அல்ல. அது அம்புலன்ஸ். கலியாண வாகனம். செத்தவீட்டுக்குச் சனம் ஏற்றும் வாகனம். நடக்க முடியாதவர்களை வன்னிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் வாகனம். அதில் ஏறுபவர்களும் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

அக்சிலின் உள்ளே என்ன இருக்கிறது?

வாகனத்தின் பின்பக்கம் நடுவில் பூசணிக்காய் போலத் தெரிவது டிபரன்சல். இயந்திரத்தின் சுழற்சியை அது இரு பக்கச் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் குழாய்களுக்குள் ஆளுக்கொரு உருக்குத் தண்டு இருக்கும். அதுதான் அக்சில் தண்டு. தண்டின் உள்முனையில் உள்ள பற்கள் டிபரன்சலுக்குள் கொளுவியிருக்கும். வெளிமுனையில் சில்லு பூட்டப்படும்.

தண்டு குழாயை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் பேரிங் இருக்கிறது. உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் உருக்குக் குண்டுகள் அல்லது உருளைகள். சில்லு இலகுவாகச் சுழலவும், வாகனத்தின் பாரம் குழாயிலிருந்து தண்டுக்கு இறங்கவும் அதுவே வழி.

டிபரன்சல் ஓயில் குழாய் வழியே சில்லுப் பக்கம் வராமல் தடுப்பது ஓயில் சீல். உருக்குச் சட்டத்தில் ஒட்டிய இறப்பர் உதடும், அந்த உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பியும் கொண்டது. பல ஜீப்புகளில் இரண்டு சீல் உண்டு. உட்சீல் ஓயிலை உள்ளே வைத்திருக்கும். வெளிச்சீல் தண்ணீரையும் மண்ணையும் வெளியே வைத்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, எல்லா ஜீப்பும் ஒரே அமைப்பு அல்ல.

முதலாவது வகையில் சில்லின் பாரத்தை அக்சில் தண்டே சுமக்கும். பிராடோ, ஹைலக்ஸ், இரண்டாம் தலைமுறைப் பஜேரோ போன்றவை இந்த வகை. பேரிங் தண்டின் மேல் இறுக்கி ஏற்றப்பட்டு, அதற்குப் பின்னால் ஒரு பிடிவளையமும் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். தண்டை வெளியே போகவிடாமல் வைத்திருப்பது அந்த வளையமும் பேரிங்கும்தான்.

இரண்டாவது வகையில் தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். பாரத்தைக் குழாயின் மேல் பூட்டிய ஹப்பும் இரண்டு கூம்புப் பேரிங்குகளும் சுமக்கும். லான்ட் குறூசரின் 70 வகை, லான்ட் றோவர் டிபென்டர், பெரும்பாலான லொறிகள் இப்படி. இவற்றில் தண்டைக் கழற்றி எடுத்தாலும் சில்லு நிற்கும்.

மூன்றாவது, 1999 இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பஜேரோ போன்றவை. எங்கள் பக்கம் பலர் மொன்டேரோ என்று சொல்வதும் இதையே. இவற்றுக்குப் பின்னால் முழு அக்சில் குழாயே இல்லை. இரண்டு சில்லும் தனித்தனியாகத் தொங்குபவை. வேலை முற்றிலும் வேறு.

முதல் வகை வாகனத்தில் பேரிங் உடைந்து வளையமும் தளர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லும் தண்டும் சேர்ந்து வெளியே வரலாம். "ரயர் காத்துப் போனால் நீங்கள் றோட்டில நிப்பீங்கள் தங்கச்சி. இது போனால் சில்லு ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்" என்றார் அண்ணை. இனி எழுதுவது இந்த முதல் வகையைப் பற்றியே.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரிங் திடீரென்று போவது அரிது. முதலில் சத்தம் போடும்.

பேரிங் சத்தம் ஒரு தாழ்ந்த உறுமல். வேகம் கூடக் கூடும், குறையக் குறையும். கியரை நியூற்றலில் போட்டு உருளவிட்டாலும் நிற்காது. ரயர் சத்தம் என்றால் றோட்டுக்கு றோட்டு மாறும். காப்பெற் வீதியில் ஒரு மாதிரி, கிறவல் பாதையில் இன்னொரு மாதிரி. டிபரன்சல் சத்தம் என்றால் அக்சிலேற்றரை மிதிக்கும்போதும் விடும்போதும் சுருதி மாறும். பேரிங் சத்தம் இந்த இரண்டுக்கும் மசியாது. ஆனால் வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடவோ குறையவோ செய்யும். எந்தப் பக்கம் என்று ஊகிக்க அது உதவும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. சில்லின் உட்பக்கத்தையும் பிறேக் தகட்டின் அடியையும் பாருங்கள். கறுத்த, தடித்த, கந்தக நாற்றம் அடிக்கும் ஈரம் இருந்தால் அது டிபரன்சல் ஓயில். பிறேக் ஓயில் தெளிவாக, தண்ணீர்போல இருக்கும்.

மூன்றாவது ஹான்ட் பிறேக். பின்பக்கம் டிஸ்க் உள்ள பிராடோ போன்ற வாகனங்களில் ஹான்ட் பிறேக்கின் கட்டைகள் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் இருக்கின்றன. சீல் கசிந்தால் ஓயில் முதலில் நனைப்பது அவற்றைத்தான். எமது குடாநாட்டில் மேடு பள்ளம் இல்லை. பலர் கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார்கள். ஹான்ட் பிறேக் செத்து மாதக்கணக்கானது தெரியவே தெரியாது. எங்களுக்கும் அதுதான் நடந்தது. கிழமைக்கு ஒரு தடவை ஹான்ட் பிறேக்கை இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கேபிளை இறுக்குவதற்கு முன்னர் சில்லின் உட்பக்கத்தைப் பாருங்கள்.

நான்காவது கையால் பார்ப்பது. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்துங்கள். ஹான்ட் பிறேக்கை விட்டு, கியரை நியூற்றலில் வையுங்கள். இந்த நிலையில் வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கட்டைகள் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம். சில்லின் மேலையும் கீழையும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங் முடிந்தது. ஆட்டம் இல்லை என்றால் ஒரு கையால் சில்லைச் சுழற்றி, மறுகையை அந்தப் பக்கத்துச் சுருள் ஸ்பிறிங்கில் வையுங்கள். நல்ல பேரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவது போன்ற அதிர்வு விரலுக்கு வரும். சோதிப்பதற்காக இயந்திரத்தை இயக்கிச் சில்லைச் சுற்ற வேண்டாம். பிராடோ நான்கு சில்லும் இழுக்கும் வாகனம். தரையில் நிற்கும் சில்லுகள் அதைத் தள்ளிவிடும்.

ஏபிஎஸ் விளக்கு அடிக்கடி எரிவதும் ஓர் அறிகுறி. வேகத்தை அளக்கும் பல்வளையம் பல வாகனங்களில் இதே தண்டில் இருக்கிறது. பேரிங் ஆடினால் வளையமும் ஆடும்.

ஏன் எங்கள் பக்கம் அடிக்கடி போகிறது?

முதற்காரணம் தண்ணீர். கார்த்திகை, மார்கழி மழையில் வல்லை வெளியிலும் உள்ளொழுங்கைகளிலும் வெள்ளம் நிற்கும். நீண்டதூரம் ஓடிவந்த அக்சிலும் அதற்குள் இருக்கும் காற்றும் சூடாக இருக்கும். திடீரென்று குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். அதற்காகவே அக்சிலின் மேல் ஒரு சிறிய மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். அது மண்ணால் அடைபட்டிருந்தால், உறிஞ்சும் வழி சீல் மட்டும்தான். தண்ணீர் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போகும். அதேபோல நீண்ட ஓட்டத்தில் காற்று விரியும்போது, மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் ஓயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்கள் ஜீப்பில் மூச்சுக்குழாயின் மூடி அசையவே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் போட்ட சீல் தோற்றதற்கு அது ஒரு காரணம். ஆடிக்கொண்டிருந்த பேரிங் மறுகாரணம். பேரிங் ஆடினால் தண்டு ஆடும். ஆடும் தண்டில் எந்தப் புதுச் சீலும் நிற்காது.

இரண்டாவது உப்பும் மணலும். மணற்காடு, வல்லிபுரம் பக்கம் கடற்கரை மணலில் ஓடும் வாகனங்களில் உப்புக்காற்று தண்டின் மேற்பரப்பைத் துருப்பிடிக்க வைத்துப் பொட்டுப் பொட்டாக அரிக்கும். அந்தப் பொட்டுகள் இறப்பர் உதட்டை அரம்போல அறுக்கும்.

மூன்றாவது பாரம். ஏழு பேருக்கான வாகனத்தில் பத்துப் பேர், கூரையில் மூட்டைகள். அழகுக்காக அகலமான றிம் போட்டு, சில்லை வெளியே தள்ளுவதும் அப்படியே. சில்லு எவ்வளவு வெளியே போகிறதோ, பேரிங்கில் நெம்பு அவ்வளவு கூடும்.

நான்காவது வயது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அதுவும் கடும் வரியோடு. இடையில் 2022 இன் பொருளாதார நெருக்கடி. இருபது வயது தாண்டிய ஜீப்புகள் இன்னும் ஓடுகின்றன என்றால் மாற்ற வழியில்லை என்பதே காரணம்.

பேரிங்கைக் கழுவிப் போட்ட காலம்

அண்ணை 1990 இல், பதினாலு வயதில் கராஜுக்கு வந்தவர். அந்த ஆண்டு ஆனியில் போர் மீண்டும் தொடங்கியது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டவை. சேலைன் போத்தலில் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் எமது தலைமுறையில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். அதன் புகையின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

"அப்ப புதுப் பேரிங் எண்டதைக் கண்ணால கண்டதில்லை" என்றார். "செத்த கார் ஒண்டில இருந்து கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, கையில வைச்சுச் சுத்திப் பாத்து, கொஞ்சம் நல்லதா இருந்தா அதைத்தான் போடுறது. சீல் இல்லாட்டி தோலை வட்டமா வெட்டி, ஓயிலில ஊறவைச்சுப் போட்டிருக்கிறம்."

கிளாலிக் கடனீரேரியை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த மக்களின் பைகளில் சில வேளை ஒரு பேரிங்கும் வந்திருக்கிறதாம். 2002 சித்திரையில் ஏ9 திறந்தபோது அவர் முதலில் செய்த பயணம் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு. உதிரிப்பாகக் கடைகளை ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினாராம். 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடப்பட்டது.

அந்தக் காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் அண்ணை சொன்ன அடுத்த வசனத்தையும் எழுத வேண்டும். "அது இல்லாத காலம். இருக்கிற காலத்திலயும் அப்பிடிச் செய்தா அது கெட்டித்தனம் இல்லை, சனத்தைக் கொல்லுற வேலை." அந்தக் கார்கள் மணிக்கு நாற்பது கிலோமீற்றரில் வெறும் றோட்டில் ஓடின. இன்றைய ஜீப் இரண்டு தொன் எடையோடு ஏ9 இல் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே ஓடுகிறது. தண்டிலிருந்து கழற்றிய பேரிங்கை ஒருபோதும் திரும்பப் போடக்கூடாது. கழற்றும் விசையே அதைக் காயப்படுத்திவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு: பேரிங் 1, உட்சீல் 1, வெளிச்சீல் 1, பிடிவளையம் 1, பூட்டுவளையம் இருந்தால் அது 1, குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே வரும் வளையம் அல்லது காஸ்கற் 1. ஓயிலில் நனைந்திருந்தால் பிறேக் பாட்டும் ஹான்ட் பிறேக் கட்டைகளும். டிபரன்சல் ஓயில் ஏறத்தாழ 3 லீற்றர். ஜிஎல்-5 தரம் இருக்க வேண்டும். தடிப்பு எவ்வளவு என்பது வாகனக் கைநூலில் இருக்கும்.

போலிப் பேரிங் உலகம் முழுவதும் உள்ள பிரச்சினை. பெட்டியும் முத்திரையும் அசல்போலவே இருக்கும், உருக்கு மட்டும் வேறு. கோயோ, என்எஸ்கே, என்டிஎன் போன்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்க வேண்டாம். பெட்டியில் உள்ள இலக்கமும் பேரிங்கின் விளிம்பில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் விடுங்கள். மற்றக் கடைகளைவிடப் பாதி விலை என்றால் அதுவே பதில். வாகனத்தின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துப் பாக இலக்கம் கேட்பது நல்லது. ஒரே பிராடோவில் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

இது வீட்டு முற்றத்தில் முழுமையாகச் செய்யும் வேலை அல்ல. தண்டைக் கழற்றுவதும் பூட்டுவதும் கைப்பழக்கம் உள்ளவரால் முடியும். பேரிங்கைக் கழற்றி ஏற்றுவதற்குப் பல தொன் அழுத்தம் தரும் பிறெஸ் வேண்டும். அது லேத் பட்டறைகளில் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு படியும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், நடப்பது சரியா என்று கேட்கலாம்.

1. சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அக்சில் குழாயின் கீழ் ஸ்ராண்ட் வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கியும் போகக்கூடாது. பாரம் ஏறினால் அது ஒரே நொடியில் நொறுங்கும்.

2. ஓயிலை வடிக்க முன்னர் நிரப்பும் துவாரத்தின் நட்டைக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருக்க, ஓயிலை வடித்துவிட்டால் வாகனம் அங்கேயே கிடக்கும். வடியும் ஓயிலையும் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. உருக்குத் துணுக்குகள் மினுங்கினால் டிபரன்சலையும் பார்க்க வேண்டும்.

3. சில்லு, பிறேக் கலிப்பர், டிஸ்க் என்று கழற்ற வேண்டும். கலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிறேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளே கிழியும். ஏபிஎஸ் சென்சரையும் ஹான்ட் பிறேக் கேபிளையும் முதலிலேயே விடுவிக்க வேண்டும். மறந்துவிட்டுத் தண்டை இழுத்தால் இரண்டும் உடையும்.

4. பிறேக் தகட்டின் பின்னால் உள்ள நான்கு நட்டுகளைக் கழற்றினால் தண்டும் தகடும் பேரிங்கும் சேர்ந்து வரும். வராவிட்டால் இழுவைச் சுத்தியல் பாவிக்க வேண்டும். குழாயின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே உளியை அடித்தால், சீல் இருக்கும் முகம் வெட்டுப்படும். தண்டை நேராக, நிலமட்டமாக இழுத்தெடுக்க வேண்டும்.

5. பிடிவளையத்தைக் கிறைண்டரால் முக்கால்வாசி வெட்டி, மிகுதியை உளியால் ஓர் அடி அடித்துப் பிளக்க வேண்டும். கிறைண்டர் தண்டைத் தொடக்கூடாது. தண்டில் விழும் சிறு கீறல்கூட, பாரத்தில் மெல்ல மெல்ல வெடிப்பாக வளரும். காஸ் சுவாலையால் வெட்டவே கூடாது. உருக்கின் பதம் போய்விடும்.

6. தண்டு வெறுமையானதும் சீல் உராயும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும். சீலை இருக்கையில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளி இருத்தி, உதடு புது இடத்தில் உராயச் செய்யலாம். அல்லது தண்டுக்கு மெல்லிய உறை போடலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் தண்டையே மாற்ற வேண்டும்.

7. ஏற்றும் ஒழுங்கு முக்கியம். வெளிச்சீல், பிறேக் தகடு, பேரிங், பிடிவளையம், பூட்டுவளையம். கழற்றும்போதே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தகட்டை மறந்து பேரிங்கை ஏற்றினால், அந்தப் புதுப் பேரிங் குப்பைக்குத்தான். பிறெஸ் அழுத்தும் இடம் பேரிங்கின் உள்வளையமாக இருக்க வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் விசை குண்டுகளின் ஊடாகப் போகும். கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். புதுப் பேரிங் முதல் நாளே இரையும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே பிழை.

8. குழாயின் உள்ளே உள்ள பழைய உட்சீலை எடுத்து, இருக்கையைத் துடைத்து, புதியதை நேராக, பழையது இருந்த ஆழத்துக்கு அடித்து இறக்க வேண்டும். சுருள் கம்பி உள்ள பக்கம் ஓயிலை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிறீஸ் பூச வேண்டும். வறண்ட உதடு முதல் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும்.

9. தண்டைத் திரும்பப் போடும்போது அதன் பாரம் சீலில் படக்கூடாது. ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் மெல்லச் சுழற்றிப் பற்களைக் கொளுவ வேண்டும். எங்கள் கராஜில் இதற்கு இரண்டு பேர் நின்றார்கள். ஓர் ஆள் தனியே முட்டித் தள்ளும் இடத்தில்தான் பல புதுச் சீல்கள் கிழிகின்றன.

10. நான்கு நட்டுகளையும் குறுக்காக, கைநூல் சொல்லும் அளவுக்கு, ரோர்க் ஸ்பனரால் இறுக்க வேண்டும். ஓயில் பட்ட டிஸ்க்கை பிறேக் கிளீனரால் கழுவ வேண்டும். ஓயில் குடித்த பாட்டையும் கட்டையையும் மணற்தாளால் தேய்த்துத் திரும்பப் போடக்கூடாது. அவை சூடாகும்போது ஓயிலை மறுபடி வெளியே விடும்.

11. மூச்சுக்குழாயைக் கழற்றி, ஊதி, மூடி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். இது செலவில்லாத வேலை. ஆனால் முழு வேலையையும் காப்பாற்றுவது இதுதான்.

12. நிரப்பும் துவாரத்தின் விளிம்பால் வழியும் வரை ஓயில் விட வேண்டும். கூட விட்டாலும் சீலுக்கு அழுத்தம்.

வேலை முடிந்து இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டு, சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு இளஞ்சூடு என்றால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் திரும்பக் கொண்டுபோக வேண்டும். நூறு கிலோமீற்றரில் சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கி, உட்பக்கம் ஈரமா என்று பார்க்க வேண்டும்.

லான்ட் குறூசர் 70, டிபென்டர் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. உங்கள் ஹப் பேரிங்குகள் கூம்பு வகை. அவற்றைக் கழுவி, கிறீஸ் அடைத்து, நட்டின் இறுக்கத்தைச் சரிசெய்ய முடியும். வெள்ளத்துக்குள் இறங்கிய பின்னர் அதைச் செய்வது நல்லது. ஹப்பின் கிறீஸ் ஓயிலோடு கலந்து கூழாக இருந்தால் உட்சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கராஜில் கேட்க வேண்டியவை

நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டாம். ஐந்து கேள்வி கேட்டால் போதும். சீலோடு பேரிங்கையும் பார்த்தீர்களா? பிடிவளையம் புதியதா? பேரிங்கை எந்த வளையத்தில் அழுத்தி ஏற்றினீர்கள்? மூச்சுக்குழாயைத் துப்புரவாக்கினீர்களா? பழைய பாகங்களைத் தருவீர்களா? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். எங்கள் அண்ணை பழைய பேரிங்கைக் கையில் தந்து, "சுத்திப் பாருங்கோ தங்கச்சி" என்றார். சுற்றினேன். கடகடவென்று மணலுக்குள் கையை விட்டது போல இருந்தது. உள்வளையத்தில் ஒரு பக்கம் உருக்கு செதில் செதிலாக உரிந்திருந்தது. முள்ளிவாய்க்காலுக்கு எட்டுப் பேரைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது இந்தச் சாமான்தான்.

வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றினோம். இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று போனால் மற்றதற்கும் நாள் நெருங்கியிருக்கும்.

போரில் உறவுகளை இழந்தவர்களின் தலைமுறை முதுமைக்குள் போய்விட்டது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 மாசி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் முதல் நாள் இருந்த அம்மாக்கள் பலர் இன்று இல்லை. இருப்பவர்களும் பஸ்ஸில் ஏறி நின்று போக முடியாத நிலையில் இருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் அவர்களை ஏற்றிச் செல்வது இந்தப் பழைய வாகனங்கள். ஷெல்லுக்கும் பசிக்கும் தப்பியவர்கள் ஒரு பேரிங்கின் கவனயீனத்தில் சாகக்கூடாது.

போன மாதம் அந்த அம்மாவை மறுபடி கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதே கடைசி இருக்கை. ஆனையிறவு தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்னம்மா, சத்தம் கேக்குதோ?"

தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இல்லைப் பிள்ளை. இப்ப நல்லா ஓடுது" என்றார். பிறகு மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டார்.